வெள்ளையனின் துப்பாக்கியும் என் பீரோவில் கிடந்த கோப்பும்

புதிதாகத் தாசில்தார் பொறுப்புக்கு வரப்போகிற உங்களுக்கு ஆயுத உரிமங்கள் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லிப் பயிற்சி நிலையத்திலிருந்து கேட்டார்கள். சட்டமும் விதிகளும் புத்தகமாகக் கிடைக்கின்றன. நான் எழுதுவதைவிடத் தெளிவாகவே இருக்கின்றன. படிவங்கள் எல்லாம் இப்போது கணினிக்குப் போய்விட்டன. அதை என்னைவிட நீங்கள் வேகமாகச் செய்வீர்கள். அதனால் புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். நான் செய்த தப்பு.

முப்பத்து மூன்று வருட சர்வீஸில் துப்பாக்கியை நான் கையால் தொட்டது மூன்று முறை. மூன்று முறையும் அதில் குண்டு இல்லை. அப்படியிருந்தும் ஒரு ஆள் என்னால் சாக இருந்தார்.

அப்போது நான் ஜவ்வாது மலையில் கொஞ்சமும் அடிவாரத்தில் கொஞ்சமுமாக இருந்த ஒரு தாலுகாவில் தாசில்தார். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. நான் கலசப்பாக்கம் பக்கத்துக்காரி. மலையைக் கீழேயிருந்து பார்த்தே வளர்ந்தவள். மேலே ஏறியது வேலைக்கு வந்த பிறகுதான்.

மலையில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் உரிமம் உள்ளவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. உரிமம் கொடுப்பது பயிர்ப் பாதுகாப்புக்காக. சாமை கதிர் பிடித்ததும் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கும். ஒரு வெடிச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் இரண்டு நாள் வராது. சுடுவதற்கு அல்ல, சத்தத்துக்கு. உரிமத்தில் அப்படி எழுதியிருக்காது, ஆனால் நடைமுறை அதுதான்.

சாமைக்கொல்லை என்ற மலைக் கிராமத்தில் வெள்ளையன் என்று ஒருவர். ஐம்பது தாண்டிய ஆள். உரிமம் உள்ளவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த ஒரு துப்பாக்கிதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, தேர்தல் முடிந்ததும் போய் வாங்கிவருவார். ஒரு முறைகூடத் தவறியதில்லை. இதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவள் நான்தான். அந்தப் பதிவேடு ஸ்டேஷனில் எல்லோரும் பார்க்கும்படிதான் இருந்தது.

உரிமம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே அவர் புதுப்பிக்க மனு கொடுத்திருந்தார். மேலலுவலகத்திலிருந்து கோப்பு என்னிடம் வந்தது. நான் எழுத வேண்டியது ஒரே வரி: விண்ணப்பதாரர் தொடர்ந்து சாகுபடி செய்துவருகிறார். கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையும் உள்ளேயே இருந்தது. அதில் மூன்றரை ஏக்கர் என்று எழுதியிருந்தார். பழைய உரிமத்தில் நான்கு ஏக்கர் என்று இருந்தது.

நான் ஓரத்தில் ‘விளக்கம் தேவை’ என்று எழுதித் திருப்பினேன்.

அரை ஏக்கரில் எனக்கு உண்மையில் ஒரு அக்கறையும் கிடையாது. துப்பாக்கி என்ற சொல் இருக்கிற கோப்பில் கையெழுத்துப் போட எனக்குப் பயம். நாளைக்கு அந்தத் துப்பாக்கியால் ஏதாவது நடந்தால், யார் சிபாரிசு செய்தது என்று கேட்பார்கள். சிபாரிசு செய்யாவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பயமாக இருக்கிறது என்று கோப்பில் எழுத முடியாது. அதனால் நம் துறையில் ‘விளக்கம் தேவை’ என்று எழுதுகிறோம்.

கோப்பு கிராம நிர்வாக அலுவலரிடம் போவதற்குள் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. அடுத்து வந்தவருக்கு அந்தக் கோப்பு இருப்பதே தெரியாது. அது என் அறைக்கு வெளியே இருந்த பீரோவில் படுத்துக்கொண்டது. வெள்ளையன் மூன்று முறை மலையிலிருந்து இறங்கி வந்தார். ஷேர் ஜீப் பாதி தூரம், பஸ் மீதி தூரம்.

“இன்னாம்மா ஆச்சி என் பேப்பரு?” என்பார்.

“பார்க்கறோம். தகவல் வரும், போய்ட்டு வாங்க” என்பேன்.

மூன்று முறையும் இதே பேச்சு. வேட்டி மடிப்பில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருப்பார். அதில் மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு. அதை எடுத்துக் காட்டப் போவார். வேண்டாம் என்று கையசைப்பேன். அரை ஏக்கர் என்ன ஆயிற்று என்று அப்போதே அவரிடம் கேட்டிருக்கலாம். மகளுக்குக் கொடுத்திருந்தார். இது தெரிய எனக்கு ஒரு கேள்வி போதும். ஆள் என் மேசைக்கு முன்னாலேயே நின்றார். நான் கேட்கவில்லை.

இதே சமயத்தில் அடிவாரத்தில் ஒரு அரிசி ஆலை முதலாளியின் கைத்துப்பாக்கி உரிமமும் புதுப்பிக்க வந்தது. அவருக்காக இரண்டு போன் வந்தது. மூன்று நாளில் அனுப்பிவிட்டேன். அந்தக் கோப்பிலும் துப்பாக்கி என்ற சொல் இருந்தது. ஆனால் அதில் எனக்குப் பயம் வரவில்லை. யாராவது கேட்டால் சொல்ல இரண்டு பேர் பெயர் இருந்ததே.

ஏழு மாதம் போனது.

அந்த நேரத்தில் மலையில் வேறொரு பக்கம், விறகுக்குப் போன ஒருவர் காலில் ரவை பாய்ந்துவிட்டது. யார் சுட்டது என்று தெரியவில்லை. பத்திரிகையில் வந்தது. மாவட்டத்தில் கூட்டம் போட்டார்கள். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக் குறிப்பிட்ட நாளுக்குள் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை, அதற்குப் பிறகு சோதனை என்று முடிவானது. கூட்டத்தில் நானும் இருந்தேன், தலையாட்டினேன். நல்ல முடிவுதான், இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன்.

தாலுகாவில் உரிமம் காலாவதியாகிப் புதுப்பிக்காதவர்களின் பட்டியல் உடனே வேண்டும் என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் கணினியில் தேதியை வைத்துத் தட்டினார்கள். பதினோரு பெயர் வந்தது. காலையில் கேட்டார்கள், மதியம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். படிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பெயர்களைப் படித்தேன். எட்டாவது பெயர் வெள்ளையன், சாமைக்கொல்லை. எங்கோ கேட்ட பெயர் மாதிரி இருந்தது. அதோடு சரி.

கவனியுங்கள். ஒரு ஆள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று எழுத ஏழு மாதம் யோசித்தேன். அதே ஆளிடம் துப்பாக்கி இருப்பது குற்றம் என்று எழுத அரை நாள் போதுமாயிருந்தது. இரண்டும் என் கையெழுத்துதான். முதலாவதில் எனக்கு ஆபத்து இருப்பதாகத் தோன்றியது. இரண்டாவதில் ஆபத்து வேறு ஆளுக்கு.

கெடு முடிந்து நாலைந்து நாள் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் போன் செய்தார்.

“மேடம், சாமைக்கொல்லைக்கு உடனே வரணும். ஒருத்தன் எங்க போலீஸ் பார்ட்டிய பார்த்துச் சுட்டுட்டான். பாறைக்குப் பின்னால உட்கார்ந்திருக்கான், கையில துப்பாக்கி. நிர்வாக நடுவரா நீங்க ஸ்பாட்ல இருக்கணும்.”

“யாருக்காவது அடியா?”

“இல்ல மேடம். ஆனா சுட்டுட்டான்.”

“ஆள் பேர் இன்னா?”

சிக்னல் போய்விட்டது. மலையில் சிக்னலுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

ஜீப் ஒன்றரை மணி நேரம் ஏறியது. சாமைக்கொல்லைக்குக் கடைசி ஒரு கிலோமீட்டர் நடைதான். நான் போனபோது ஊரில் ஒரு சத்தமும் இல்லை. வீடுகளுக்கு வெளியே ஜனங்கள் நின்றிருந்தார்கள். சாமை நன்றாக விளைந்து பழுப்பேறியிருந்தது. நடுவில் நாலு கால் நட்டு ஒரு பரண். கொல்லைக்கு மேல் சரிவு, அதற்கு மேல் யானை படுத்த மாதிரி பெரிய பாறைகள். ஆயுதப்படைக் காவலர்கள் ஆறு பேர் ரைபிளோடு வரப்பின் பின்னால் குந்தியிருந்தார்கள். எல்லாம் இருபத்தைந்து வயதுக்குள். ஒருவர் விரலை டிரிக்கரில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். தனக்கே தெரியாமல் செய்துகொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் போளூர்ப் பக்கத்து ஆள். ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தது. கெட்டவர் இல்லை. சட்டை முழுக்க வியர்வை. கையில் பரீட்சை அட்டை, அதில் ஒரு தாள்.

“மூணு தடவை கூப்பிட்டோம் மேடம், வரமாட்டேன்றான். இந்த மேடு தாண்டினா நெல்லிவாசல்நாடு. அது வேற மாவட்டம். போய்ட்டான்னா நம்ம கையில இல்ல. மறுபடியும் சுட்டான்னா இந்தப் பசங்க கை சும்மா இருக்காது. எனக்கு ஒரு உத்தரவு வேணும்.”

தாளை நீட்டினார். கையால் எழுதியிருந்தது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்து, காவல்துறையினரை நோக்கிச் சுட்ட சாமைக்கொல்லை வெள்ளையன் என்பவரைப் பிடிக்கத் தேவைப்பட்டால் துப்பாக்கியைப் பயன்படுத்தலாம். கீழே என் பதவி. அதற்கு மேல் கையெழுத்துக்கு இடம். தேதிகூடப் போட்டிருந்தார். அவ்வளவு பதற்றத்திலும் ஓரம் விட்டு அழகாக எழுதியிருந்தார்.

பெயரைப் படித்தேன். பீரோ ஞாபகம் வந்தது.

வரப்பில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளையனின் மனைவி, காளியம்மா. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அழவில்லை. அந்தப் பிளாஸ்டிக் கவரை நீட்டினார்.

“இது உங்க ஆபீஸு சீலுதானே?”

“ஆமா.”

“லைசென்ஸு இல்லன்றாங்கோ. அப்போ இது இன்னா?”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘இது வெறும் ஒப்புகைச் சீட்டு, உரிமம் ஆகாது’ என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய் இல்லை. தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறியிருக்கலாம். அதன் பிறகு எது நடந்திருந்தாலும் எல்லாம் முறைப்படி நடந்ததாகத்தான் கோப்பில் இருந்திருக்கும். அந்த யோசனை எனக்கு வரவில்லை என்று நினைக்காதீர்கள். வந்தது. ஐந்து நொடி இருந்தது. அந்த ஐந்து நொடி இன்றைக்கும் எனக்குப் பிடிக்காத விஷயம்.

“சார், இவர் மனு ஏழு மாசமா என் பீரோவுல இருக்குது” என்றேன். “உங்களுக்கு வந்த பட்டியல் நான் அனுப்பினது. அதுல இவர் பேர் வந்திருக்கக்கூடாது. என் தப்பு.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். “இத இப்பவா மேடம் சொல்றீங்க?”

“முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“சரி. ஆனா சுட்டிருக்கானே. அது உங்க பீரோவுல இல்லியே?”

நியாயமான கேள்வி. பட்டியல் தப்பாக இருந்தாலும் பாறைக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு ஆள் இருக்கத்தான் செய்தார். நான் அவரை நம்பியதற்காக ஆறு இளைஞர்கள் அடிபட முடியாது.

“சுட்டத யாரு பார்த்தது?” என்று கேட்டேன்.

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. எல்லோரும் கேட்டிருந்தார்கள். பரணிலிருந்து ஒரு ஆள் துப்பாக்கியோடு குதித்து ஓடினார், சரிவில் மறைந்தார், சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

“எத்தனை சத்தம்?”

“ஒண்ணு மேடம்.”

அப்போது எனக்கு ஒரு பழைய ஏட்டு ஞாபகத்துக்கு வந்தார். நான் துணைத் தாசில்தாராக இருந்தபோது, தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கிகளைச் சரிபார்க்க ஒரு ஆயுதக் கிடங்குக்குப் போயிருந்தேன். நான் எண்களை மட்டும் பார்த்து டிக் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நாட்டுத் துப்பாக்கியை எடுத்துக் கையில் கொடுத்தார். “வெயிட்டு பாருங்கம்மா. எண்ண மட்டும் பார்த்துட்டுப் போனா, இது இன்னான்னே உங்களுக்குத் தெரியாது” என்றார். குழாயின் வாய் வழியாக வெடிமருந்து போட்டு, ரவை போட்டு, குச்சியால் கெட்டித்து, பின்னால் பொறி தட்டும் கேப்பு வைத்தால்தான் ஒரு முறை வெடிக்கும், மறுபடி வெடிக்க அத்தனையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று காட்டினார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

காளியம்மாவிடம் திரும்பினேன். “மருந்து, ரவை எல்லாம் எதுல வெச்சிருப்பாரு?”

“பையில.”

“பை எங்க?”

“பரண்லதான் தொங்கும். எப்பவும் அங்கதான்.”

“இப்ப இருக்குதா?”

“நான் எப்படிப் பார்ப்பேன்? உங்க ஆளுங்க கிட்ட வுடல.”

இன்ஸ்பெக்டர் ஒரு காவலரைக் கை காட்டினார். அவர் குனிந்துகொண்டே சாமைக்குள் புகுந்து போனார். பரணில் ஏறினார். ஒரு தோல் பையைத் தூக்கிக் காட்டினார். அதில் கொம்பில் அடைத்த மருந்து, ஒரு டப்பா ரவை, கேப்பு, எல்லாம் இருந்தது. கெட்டிக்கிற குச்சியும் பரணிலேயே கிடந்தது.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார்.

“அப்போ அவன் கையில இருக்கறது வெறும் குழாய்தான்.”

“அப்படித்தான் நினைக்கறேன். சட்டைப் பையில எதுவும் வெச்சிருந்தா தெரியாது.”

“மேலுக்குச் சட்டையே போடலம்மா” என்றார் காளியம்மா.

ஆனால் இன்ஸ்பெக்டருக்கு இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. அவர் மேலிடத்துக்கு ஏற்கெனவே ‘சுட்டான்’ என்று வயர்லெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது. வெறுங்கையோடு இறங்கினால் அவரைக் கேட்பார்கள். அவர் என் முகத்தைப் பார்த்ததில் அது தெரிந்தது. நான் தாளை வாங்கி, அவர் எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்துவிட்டுக் கீழே எழுதினேன். வெள்ளையனின் உரிமப் புதுப்பிப்பு மனு என் அலுவலகத்தில் நிலுவையில் உள்ளது. பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது என் பிழை. துப்பாக்கிப் பிரயோகத்துக்கு உத்தரவு தரப்படவில்லை. கையெழுத்து, மணி, நிமிடம்.

படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். “இது போதும் மேடம்” என்றார். அவருக்கும் வேண்டியிருந்தது ஒரு தாள்தான். உத்தரவு கேட்டு நிற்கும் ஆளுக்கு எப்போதும் சுட ஆசை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சுடாமலிருக்க யாராவது பொறுப்பு ஏற்கமாட்டார்களா என்றுதான் நிற்பார்.

“எல்லாரும் ரைபிள தரையில வெச்சிட்டு உட்காருங்கடா” என்றார். உட்கார்ந்தார்கள். விரலை வைத்து எடுத்துக்கொண்டிருந்த பையனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

நான் வரப்பில் ஏறி நின்று கத்தினேன்.

“வெள்ளையன்! நான் தாசில்தார் பேசறேன். உங்க பேப்பர் எங்கிட்டதான் இருக்குது! பயப்படாம இறங்கி வாங்க!”

பாறைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏழு மாசமா அங்கதாம்மா கீது!”

மலையில் குரல் நன்றாக எடுக்கும். ஊர் முழுக்கக் கேட்டது. ஒரு காவலர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் அவரை முறைத்துவிட்டு, தானும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆமா, என் தப்புதான்!” என்று நானும் கத்தினேன். வேறு என்ன சொல்வது?

“போலீஸு சுடுமா?”

“சுடாது! ரைபிள எல்லாம் கீழ வெச்சாச்சு. நீங்களும் வெச்சிட்டு வாங்க!”

“அவங்க வெச்சத காளி பார்த்தாளா?”

காளியம்மா ஆறு ரைபிளையும் ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினார். “வெச்சிட்டாங்கோ, வா!” என்றார்.

துப்பாக்கியைப் பாறை மேல் வைத்துவிட்டு இறங்கி வந்தார். முழங்கால் கிழிந்து காலெல்லாம் ரத்தம். ஓடும்போது பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறார். விழுந்த அதிர்ச்சியில் வெடித்திருக்கிறது. ரவை மரத்தில் ஏறியிருந்தது. மலைக்கு மேல் பக்கம், காவலர்கள் இருந்ததற்கு நேர் எதிர்த் திசையில். இன்ஸ்பெக்டரே போய்ப் பார்த்து அடையாளம் வைத்தார்.

“ஏம்பா ஓடினே?” என்று கேட்டார்.

“நாலஞ்சு பேரு துப்பாக்கி எடுத்துக்கினு வந்தீங்கோ. எங்கையிலயும் துப்பாக்கி இருந்துது. நின்னு இன்னா பேசறது?” என்றார் வெள்ளையன்.

இன்ஸ்பெக்டர் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினார்.

கிளம்பும் முன் நான் இன்னொன்று செய்தேன். ஆறு பேரும் காலையில் எத்தனை குண்டு வாங்கினார்கள், இப்போது எத்தனை இருக்கிறது என்று என் முன்னால் எண்ணி எழுதச் சொன்னேன். இன்ஸ்பெக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“எங்கள நம்பலியா மேடம்?”

“நம்பறேன் சார். அதான் இப்பவே எண்ணச் சொல்றேன்.”

எண்ணினார்கள். சரியாக இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். காளியம்மா சாட்சியாகக் கைநாட்டு வைத்தார். பதினைந்து நிமிட வேலை. ஆனால் இரண்டாவது நாளே ஒரு வீடியோ செல்போன்களில் சுற்றியது. சாமைக்கொல்லை தெரிகிறது, போலீஸ் தெரிகிறது, ஒரு வெடிச் சத்தம் கேட்கிறது. மலைவாசிகள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு என்று கீழே எழுதியிருந்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவரை, வீடியோவில் முன்னால் தெரிந்த குற்றத்துக்காக, பணியிடை நீக்கம் செய்யப் பேச்சு நடந்தது. எண்ணி எழுதிய தாள் இருந்ததால் அதோடு நின்றது. இன்ஸ்பெக்டர் போன் செய்தார். “அன்னிக்கு உங்க மேல கோவம் மேடம்” என்றார். “தெரியும் சார்” என்றேன். மேற்பார்வை என்று நம்மிடம் கொடுத்திருக்கிற வேலை போலீஸை மாட்டிவிடுவதற்காக என்று அவர்களும் நினைக்கிறார்கள், சில சமயம் நாமும் நினைக்கிறோம். எண்ணுகிற வேலையைச் சரியாகச் செய்தால் இரண்டு பக்கத்து ஆளும் வீட்டுக்குப் போய்ச் சேருகிறார்.

வெள்ளையனை அன்று ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், வாக்குமூலம் வாங்கி, காலுக்கு மருந்து போட்டு, சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். தவறுதலாக வெடித்தது என்று விசாரணை முடிந்தது. ஆனால் துப்பாக்கி உடனே திரும்பவில்லை. விசாரணை முடிகிறவரை அது ஸ்டேஷன் காவலில் இருந்தாக வேண்டும். விசாரணை ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது.

என் மேலும் நடவடிக்கை வந்தது. குற்றச்சாட்டுக் குறிப்பாணையைப் பிரித்தபோது, ஏழு மாதத் தாமதத்தைத்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தாமதம் எல்லோரிடமும் இருப்பது. அலுவலகக் குறைபாட்டை உயர் அலுவலரின் அனுமதியின்றி வேறு துறைக்கு எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது ஏன் என்று கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுதினேன். கண்டனம் என்று பதிவானது. என் பணிப் பதிவேட்டில் அது இன்னும் இருக்கிறது. அதை வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. சரியான தப்புக்குக் கொடுக்கவில்லையே என்பதுதான்.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாளே வெள்ளையனின் கோப்பில் அந்த ஒரு வரியை எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு மாதத்தில் உரிமம் புதுப்பித்து வந்தது. துப்பாக்கி விடுவிக்கும் உத்தரவு வந்த பிறகு, இரண்டையும் சேர்த்து நானே எடுத்துக்கொண்டு சாமைக்கொல்லைக்குப் போனேன். கூட ஒரு காவலர் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்தார். அந்த ஒரு வருடத்துக்குள் பன்றி இரண்டு முறை கொல்லையை உழுதுவிட்டுப் போயிருந்தது. பரண் சாய்ந்து கிடந்தது, யாரும் நிமிர்த்தவில்லை.

வெள்ளையன் வீட்டு வாசலில் இருந்தார். நான் புதுப்பித்த உரிமத்தை நீட்டினேன். வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்தார், பிறகு திருப்பிப் பார்த்தார். சீல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“வேணாம்மா. துப்பாக்கியும் எடுத்துக்கினு போய்டுங்க.”

“ஏன்? எல்லாம் சரியாயிடுச்சே. இனிமே யாரும் வரமாட்டாங்க.”

“இது வூட்ல இருந்தா பன்னி வர்றதில்ல. போலீஸு வருது. பன்னி பரவால்ல” என்றார்.

காளியம்மா உள்ளேயிருந்து, “சாப்புட்டுப் போங்கம்மா, களி கீது” என்றார். சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது?

வெள்ளையனை மாற்ற அரை மணி நேரம் பேசிப் பார்த்தேன். அவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் கணக்குப் போட்டு முடித்துவிட்ட ஆள் மாதிரி இருந்தார். சாமையை விட்டுவிட்டு, பன்றி அதிகம் தொடாத கொள்ளு மட்டும் விதைத்திருந்தார்.

உரிமதாரர் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு படிவம் உண்டு. அவருடைய பெயர், உரிம எண், துப்பாக்கி விவரம் எல்லாம் நானே நிரப்பினேன். கடைசியில் ஒரு கட்டம் வரும்: ஒப்படைப்பதற்கான காரணம். அங்கே பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பீரோ என்று எழுத முடியாது. தாசில்தார் என்றும் எழுத முடியாது. அந்தக் கட்டத்தில் வழக்கமாக எல்லோரும் எழுதுவதையே எழுதினேன். ‘சுயவிருப்பத்தின் பேரில்’. வெள்ளையன் கைநாட்டு வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருடம் மாவட்டத்தில் தாமாக முன்வந்து ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளின் எண்ணிக்கை திருப்திகரமாக இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. எங்கள் தாலுகாவுக்குப் பாராட்டு தெரிவித்திருந்தார்கள்.